மேனேஜரின் எடை மூன்று கிலோ

அக்டோபர் 31, வெள்ளி

இன்று என் மைத்துனன் லோகநாதன், தன் மகளின் காதுகுத்து விருந்தில், ஒரு கையில் ஜிலேபியை வைத்துக்கொண்டு பொருளாதாரம் பேசினான்.

"டெலிவரி பண்றவங்கெல்லாம் மாசம் அம்பதாயிரம் அசால்ட்டா எடுக்கறாங்க மச்சான். ஒரு வண்டி, ஒரு போனு. செலவே கெடையாதுங்."

செலவே கிடையாது. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் அடக்கவிலை கணக்கிட்டவன் நான், எம்.காம்., அதன்மேல் காஸ்ட் அக்கவுண்டன்சி. இரண்டு மாதங்களுக்கு முன் அங்கிருந்து விலகினேன். விலகியதன் காரணம் இங்கே தேவையில்லை. என் முன்னிலையில் ஒருவன் "செலவே கிடையாது" என்று சொல்வது, மருத்துவரின் முன் நின்று "எனக்குக் கல்லீரலே கிடையாது" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

"பெட்ரோல்?" என்றேன்.

"அது போவட்டுங்."

"டயர்? காப்பீடு? தேய்மானம்?"

"தேய்மானம்னா என்னங் மச்சான்? கண்ணுக்குத் தெரியுமா?"

அவனை உற்றுப் பார்த்தேன். என் பார்வையைக் கண்டு இரண்டு குழந்தைகள் அழுததாகப் பின்னர் அறிந்தேன். எழுபது உறவினர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு மாதம் நானே டெலிவரி செய்வேன். ஒரு பைசா விடாமல் கணக்கெழுதுவேன். நட்டம் என்றால், "மச்சான் சொன்னதுதான் சரி" என்று லோகு குடும்பத்தார் முன் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் லாபம் வந்தாலும் நான் அவனுடைய பெயிண்ட் கடையில் கணக்காளராக அமர வேண்டும். சம்பளம் இருபத்தெட்டாயிரம்.

இது ஓர் ஆய்வு, பிழைப்பு அன்று. என் மனைவி வசந்தாமணியிடமும் அவ்வாறே தெரிவித்தேன். "சரிங்க" என்றாள். அந்தச் "சரிங்க"வின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 1, சனி

"சிட்டு" என்னும் செயலியில் சேர்ந்தேன். பிறந்த ஆண்டைக் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு வட்டத்தைச் சுழற்றியபடி சிந்தித்தது. ஐம்பத்தைந்து வயதை அது அதுவரை கண்டதில்லை போலும். இறுதியில், "வாழ்த்துகள் சென்னியப்பன்! நீங்கள் இப்போது எங்கள் பார்ட்னர். இனி உங்களுக்கு நீங்களே முதலாளி!" என்று திரையெங்கும் வண்ணக் காகிதம் தூவியது.

முதலாளியாகிய என்னிடமிருந்து முதல் வேலையாக 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டது. பைக்கும் டி-சர்ட்டுக்கும். பை ஒரு சிறிய பீரோ. டி-சர்ட் மாம்பழ நிறம், முதுகில் "பறந்து வர்றேன்!" என்று எழுதியிருக்கிறது. ஓட்டக் கிளம்புமுன் அதை அணிந்து கூடத்தில் நின்றேன். வசந்தாமணி ஒருமுறை பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

எலுமிச்சம்பழம் ஒன்று. நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை. "இது சின்னதா இருக்குதே" என்றார் வாடிக்கையாளர்.

நவம்பர் 4, செவ்வாய்

பார்ட்னர் என்னும் சொல்லை நிறுவனம் விளையாட்டாகப் பயன்படுத்தியிருக்கலாம். நான் விளையாடுவதில்லை. கூட்டாண்மைச் சட்டம், 1932, பன்னிரண்டாம் பிரிவின்படி, ஒவ்வொரு கூட்டாளிக்கும் நிறுவனத்தின் கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமை உண்டு. அவற்றை எந்த நாளில், எந்த முகவரியில் வந்து பார்வையிடலாம் என்று வினவி, செயலியின் உதவிப் பகுதிக்கு நான்கு பத்திகளில் கடிதம் எழுதினேன்.

இரண்டு நொடிகளில் பதில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்! உங்கள் உணவு ஆறிப்போய் வந்ததா? ஆம் / இல்லை."

"இல்லை" என்பதை அழுத்தினேன்.

"மகிழ்ச்சி!" என்றது.

நவம்பர் 6, வியாழன்

கணபதியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி உண்டு. டெலிவரிக்காரர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். நான் அருந்தும் தேநீர் நேரடிச் செலவா, மேற்செலவா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. தேநீர் இல்லாமல் வண்டி ஓடும், நான் ஓடமாட்டேன். தற்காலிகமாக எரிபொருளின் கீழ் எழுதியிருக்கிறேன்.

அங்கே இருவர் அறிமுகமாயினர். ரஹ்மத்துல்லா, முன்பு பனியன் கம்பெனி வேன் ஓட்டியவர். ஜெயசீலி, கணவர் விபத்தில் படுத்தபின் அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தவர். பேச ஆரம்பித்தால் சிக்னலில்கூட நிறுத்தமாட்டார்.

"இன்னிக்கு எத்தனைங் சார்?" என்றார் ஜெயசீலி.

"பதின்மூன்று."

"நேத்து?"

"பதின்மூன்று."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"பதினாலாவது டிரிப்பு வராதுங் சார்," என்றார் ரஹ்மத்துல்லா. "பதினாலு முடிச்சா எரநூத்தம்பது ரூவா போனஸ் குடுக்கோணும்ல? அதனால பதிமூணுலயே சிட்டு தூங்கிப்போயிரும்."

"அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

ஜெயசீலி பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்துக் காட்டினார். செங்கல்.

"இவருதானுங் எங்க மேனேஜர்."

"ஏன் மேனேஜர்?"

"ஒரு வேலையும் செய்யமாட்டாருங். நாமதான் அவரத் தூக்கிட்டுத் திரியோணும். ஆனா அவரு வந்தாத்தான் காசு."

ஏற்பாடு எளிமையானது. ஒருவர் பதின்மூன்றில் சிக்கிக்கொண்டால் மற்றவர் தம் வீட்டாரின் கைபேசியிலிருந்து முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஒரு பார்சல் பதிவு செய்வார். அருகில் உள்ளவருக்கே அது வரும். செங்கல் அடுத்த தெருவுக்குப் போகும். பதினான்கு நிறையும். நாளை முறை மாறும். இரண்டு ஆண்டுகளாக இச்செங்கல் கோயம்புத்தூரைச் சுற்றி வருகிறது. ஒருமுறை ஆர்.எஸ். புரத்தில் தொலைந்துபோய், இரண்டு நாள் கழித்து ஐந்து ஸ்டார் மதிப்பீட்டுடன் திரும்பி வந்ததாம்.

"உங்களுக்கும் ஒண்ணு போடட்டுங்களா சார்?"

மறுத்தேன். நிகழாத ஒரு தேவையை நிகழ்ந்ததாகக் காட்டுவது பொய்க்கணக்கு. நான் அதில் கையெழுத்திடுவதில்லை. இதை அவர்களிடம் ஏழு நிமிடம் விளக்கினேன். ரஹ்மத்துல்லா முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சாருக்கு ஒரு டீ சொல்லும்மா" என்றார்.

நவம்பர் 8, சனி

பதின்மூன்று.

நவம்பர் 9, ஞாயிறு

பதின்மூன்று. நாய் துரத்தியது. அதற்குத் தலைப்பு இல்லை. "இதர" என்பதன் கீழ் எழுதினேன்.

நவம்பர் 10, திங்கள்

இறைவனுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது, கண்ணியம்தான் இல்லை. லோகுவின் கடையிலிருந்தே எனக்கு ஒரு டிரிப் வந்தது. இரண்டு டப்பா பிரைமர், சரவணம்பட்டிக்கு.

கல்லாவில் அமர்ந்திருந்தவன் என் டி-சர்ட்டின் முதுகை வாய்விட்டுப் படித்தான். "பறந்து வர்றேன்! அட, சூப்பருங் மச்சான்!"

"பிரைமரைக் கொடு."

"பாருங், முன்னாடியெல்லாம் கடைக்குன்னு ஒரு வண்டி, ஒரு டிரைவரு, எவ்ளோ தண்டம்! இப்ப வெரல்ல ஒரு தட்டு, நாப்பத்தஞ்சு ரூவா, சோலி முடிஞ்சுது. எனக்குச் செலவே கெடையாதுங்."

அவனுக்குச் செலவில்லாத ஒன்று வேறு யாருக்குச் செலவாகிறது என்று ஒரு கணக்கியல் மாணவன் முதல் பருவத்திலேயே கேட்பான். டப்பாக்களைத் தூக்கினேன். அந்த நாற்பத்தைந்தில் என் கைக்கு வந்தது முப்பத்து நான்கு.

நவம்பர் 11, செவ்வாய்

வசந்தாமணியின் கையில் நான்கு வளையல் இருக்கும். இன்று இரண்டு. மெருகு போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். மெருகுக்கு நான்கையும் சேர்த்துத்தானே கொடுப்பார்கள் என்றேன். "ரெண்டுதாங்க அழுக்காயிருந்துச்சு" என்றாள்.

சாம்பார் நன்றாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

நாள் முழுவதும் மழை. மழைக்கோட்டு 650 ரூபாய் (மூலதனச் செலவு, ஆனால் இதன் தரத்தைப் பார்த்தால் ஒரு மாதத்திலேயே எழுதித் தள்ளிவிடலாம்). மாலையில் அதையும் பேக்கரியில் மறந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல். முதலாளியாகிய நான் எனக்கு விடுப்பு வழங்கினேன். சம்பளமில்லா விடுப்பு.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் படுக்கை. பதினோரு மணிக்கு ஜெயசீலி மழைக்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். என் அறைவாசலில் நின்று, "சார் இல்லாம பேக்கரி வெறிச்சுன்னு இருக்குதுங், யாரும் திட்டறதில்ல" என்றார். பிறகு அவரும் வசந்தாமணியும் சமையலறையில் முக்கால் மணிநேரம் பேசினார்கள். இடையில் "செங்கல்லா!" என்று வசந்தாமணி கத்தியது கேட்டது, அதன்பின் இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள்.

அவர் போனபின், என்ன பேசினீர்கள் என்றேன்.

"இட்லிப்பொடி" என்றாள்.

நவம்பர் 15, சனி

வேலைக்குத் திரும்பினேன். பெஞ்சுக்கு அடியில் மேனேஜரைக் காணவில்லை. விசாரித்தேன்.

"லீவுங் சார்," என்றார் ஜெயசீலி. "அவருக்கும் குடும்பம்னு ஒண்ணு வேண்டாங்களா?"

மாலை வழக்கம்போல் பதின்மூன்றில் நின்றது. ரஹ்மத்துல்லாவும் ஜெயசீலியும் ஒரே நேரத்தில் தங்கள் செயலிகளை அணைத்தனர். ஏன் என்று கேட்டேன். "போனு சூடாவுதுங்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

மறு நிமிடம் எனக்குப் பதினான்காவது டிரிப் வந்தது. அனுப்புநர்: வ. மணி. எடுக்க வேண்டிய இடம் எங்கள் தெருமுனைத் தையல்கடை. சேர்க்க வேண்டிய இடம் அடுத்த தெரு இஸ்திரிக்கடை. நடந்தால் நான்கு நிமிடம்.

தையல்காரர் பொட்டலத்தை நீட்டினார். கையடக்கம், ஆனால் கனமானது, மூன்று கிலோ இருக்கும். பச்சைத் துணியில் மயில் அச்சிட்டது. மூலைகளை மடித்து, ஊசிநூலால் அழகாகத் தைத்திருந்தார்கள்.

"யார் கொடுத்தது?"

"யாரோ ஒரு அம்மாங்" என்றவர் கத்தரிக்கோலைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையில்தான் இருந்தது.

போனஸ் 250, டிரிப்புக்கு 27. பொருளின் தன்மையைக் கேட்பது டெலிவரிக்காரரின் பணி அன்று.

எங்கள் வீட்டு ஜன்னல் திரையும் அதே மயில் துணிதான். பரவலாக விற்ற துணி போலும். வலப்பக்கத் திரையை வசந்தாமணி துவைக்கப் போட்டிருக்கிறாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பதினான்கு. வ. மணி.

நவம்பர் 17, திங்கள்

பதினான்கு. இந்த வ. மணி என்பவர் நேரம் தவறாதவர். பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளும்போது இஸ்திரிக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எனக்கா, பொட்டலத்துக்கா என்பது தெளிவாகவில்லை.

துவைக்கப் போட்ட திரை இன்னும் வரவில்லை.

நவம்பர் 19, புதன்

கேக் ஒன்று, ஒரு கிலோ. அதன்மேல் "வெல்கம், நியூ காஸ்ட் மேனேஜர்!" என்று எழுதியிருந்தது. முகவரியைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் வண்டியை ஓரங்கட்டினேன். இந்தக் காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை.

வாயிற்காவலர் இருபது ஆண்டுகளாக எனக்குச் சல்யூட் அடிப்பவர். இன்றும் கையை நெற்றிவரை கொண்டுபோனார், டி-சர்ட்டைப் பார்த்தார், கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். "சார், டெலிவரிக்கெல்லாம் பின்னாடி கேட்டுங்" என்றார் மெதுவாக.

என் பழைய அறையில் முப்பது வயதுள்ள ஒருவர் இருந்தார். நாற்காலியின் உயரத்தை மாற்றியிருந்தார். என் கைபேசித் திரையில், படிக்காமலே விரலால் கையெழுத்திட்டார்.

"எதில் கையெழுத்திட்டீர்கள் என்று பார்த்தீர்களா?"

"கேக்குதானே சார்?"

"பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?"

அவர் பயந்துபோய்த் திறந்து பார்த்தார். கேக்தான். நல்லவேளை.

விலகலின் காரணத்தை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஓர் ஒப்பந்தத்துக்காக அடக்கவிலையைப் பதினெட்டு விழுக்காடு கூட்டி ஒரு தாள் தயாரித்தார்கள். கையெழுத்திடச் சொன்னார்கள். நான் படித்தேன். அதற்குப்பின் எனக்கு அங்கே நாற்காலி இல்லை. விலகினேன் என்று முன்னர் எழுதியது, சொல் நாகரிகம் கருதி.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வசந்தாமணியாகவே கேட்டாள்: "கேக்குல முட்டை உண்டுங்களா?" கேக் கொண்டுபோனது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டி-சர்ட்டில் க்ரீம் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். பார்த்தேன். ஒட்டியிருந்தது. நான் வழியில் எதையும் திறக்கவில்லை என்பதையும், அறைக்கு வெளியே வந்தபின் அந்த இளைஞர் ஓடிவந்து ஒரு துண்டை என் கையில் திணித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

உதவிப் பகுதிக்கு இரண்டாவது நினைவூட்டல் அனுப்பினேன். "பார்ட்னர் என்ற முறையில்" என்று தொடங்கினேன். இருபது ரூபாய்க் கூப்பன் வந்தது. ஐஸ்கிரீமுக்கு மட்டும் செல்லும்.

நவம்பர் 22, சனி

பெருமழை. ரயில்வே பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர். இன்று ஓட்டவில்லை. வசந்தாமணி ஜன்னலருகே நின்று, "மத்தவங்க என்ன பண்ணுவாங்க பாவம்" என்றாள். ஜன்னலில் திரை இல்லாததால் மழை நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

பதினான்கு. பஞ்சர் (மூன்றாவது).

நவம்பர் 27, வியாழன்

பொட்டலத்தின் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. நான் பிரிக்கவில்லை, பிறர் பொட்டலத்தைப் பிரிப்பது விதிமீறல். ஆனால் தானாகவே தெரிவதைப் பார்க்காமல் இருக்க எந்த விதியும் இல்லை. சிவப்பு. சொரசொரப்பு. இரண்டு ஆண்டுப் பயணத்தில் மழுங்கிய விளிம்பு.

தையல்காரரிடம் ஊசிநூல் வாங்கி, அந்த மூலையை நானே தைத்து, ஒப்படைத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

இரவுச் சாப்பாட்டில் வசந்தாமணி கேட்டாள்: "ஏனுங்க, ஞாயித்துக்கெழம கணக்குல நீங்க ஜெயிச்சுட்டா என்னங்க ஆகும்?"

"லோகு எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உண்மை நிலைநாட்டப்படும்."

"திங்கக்கெழம?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"ஜெயிச்சா திங்கக்கெழமயும் இதே வண்டி, இதே மழை, இதே இருமல். தோத்தா ஃபேனுக்கடியில உக்காந்து மாசம் இருவத்தெட்டாயிரம். எனக்கு ஒரு வாரமா ராத்திரி தூக்கமே இல்லீங்க. எங்க நீங்க ஜெயிச்சுப்போடுவீங்களோன்னு."

அப்பளம் கேட்டேன். இரண்டு வைத்தாள்.

நவம்பர் 29, சனி

கணக்கை முடித்தேன். ஓட்டிய நாள் இருபத்தாறு. தூரம் 2,470 கிலோமீட்டர். உழைத்த நேரம் 286 மணி.

பெட்ரோல் 5,540. தேய்மானம் 2,223 (கண்ணுக்குத் தெரியாதது, தொகை தெரிகிறது). ஆயில், டயர், பிரேக் 1,482. பை, டி-சர்ட் 1,200. மழைக்கோட்டு 650. தேநீர் 624, இறுதியாக அது நேரடிச் செலவு என்றே தீர்மானித்தேன், "டீ இல்லாம பதிமூணே ஓடாதுங்" என்ற ரஹ்மத்துல்லாவின் வாதம் ஏற்கப்பட்டது. அபராதம் 500: "நோ பார்க்கிங்" பலகைக்குக் கீழே நிறுத்தினால்தான் அந்த ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு சூடாகப் போகும். கைபேசித் தேய்மானம் 350, பஞ்சர் 300, இணையம் 299, காப்பீட்டில் ஒரு மாதப் பங்கு 180. ஆக மொத்தம் 13,348.

உண்மையான டிரிப்புகள் 338. ஒன்றுக்குச் சராசரி முப்பத்து நான்கு ரூபாய் வீதம் வரவு 11,492.

நட்டம் 1,856.

அதாவது ஒரு டிரிப்புக்கு எனக்கு ஆன செலவு 39 ரூபாய் 49 பைசா. ஒவ்வொரு முறை கதவைத் தட்டும்போதும், "வணக்கம், உங்கள் பரோட்டா, கூடவே என் சொந்தப் பணம் ஐந்து ரூபாய் நாற்பத்தொன்பது பைசா" என்று இந்நகரத்துக்கு நான் அன்பளிப்பு வழங்கி வந்திருக்கிறேன். நாய் துரத்திய ஓட்டத்துக்கும், 286 மணி நேர உழைப்புக்கும் இதில் மதிப்பே போடவில்லை. நான் சொன்னது சரி. முழுக்க முழுக்கச் சரி.

ஆனால் வ. மணியின் பதினான்கு டிரிப்புகள் உள்ளன. அவற்றின் கூலியும் போனஸும் 3,878. அதைச் சேர்த்தால் லாபம் 2,022. மணிக்கு ஏழு ரூபாய் ஏழு பைசா. இந்த ஒரு மாதத்தில் எங்கள் கூட்டத்தில் செலவுபோக மிச்சம் பிடித்தவர் ஒருவரே. அவர் ஒரு செங்கல்.

பொட்டலத்தின் மயில் துணியைப் பதினைந்தாம் தேதி தையல்கடையில் பார்த்த கணத்திலேயே அறிந்தேன். அந்தத் திரையை நானும் வசந்தாமணியும் சேர்ந்து ஒப்பணக்கார வீதியில் வாங்கினோம். மயிலின் வால் போதாது என்று அவள் சொன்னாள். விலை அதிகம் என்று நான் சொன்னேன். இதைப் பதினான்கு நாளும் எழுதாமல் விட்டது கணக்கியல் பிழை அன்று. மாலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் அந்தப் பொட்டலம் எனக்காகக் காத்திருக்கும் என்பது தெரிந்தபின், மற்ற பதின்மூன்று டிரிப்புகளும் அவ்வளவு கனமாக இல்லை.

இப்போது என் முன் இரண்டு தாள்கள். ஒன்றில் நான் வெல்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

லோகு வீட்டில் விருந்து. நாட்டுக்கோழி. காதுகுத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி வந்திருந்தது. மீதியும் வருவதாகச் சொல்லியிருந்தது.

எழுந்து நின்று தாளை வாசித்தேன். "நிகர லாபம் இரண்டாயிரத்து இருபத்திரண்டு ரூபாய்."

கூடம் ஆரவாரித்தது. லோகு குழம்புக் கையோடு எழுந்து என்னைத் தழுவ வந்தான். சட்டையைக் கருதி ஓரடி பின்வாங்கினேன். "நாந்தான் அப்பவே சொன்னன்ல! லாபம்னா லாபம்தானுங் மச்சான்! நாளைக்கே வந்து உக்காருங்!"

"முதலில் படித்துவிட்டுக் கையெழுத்திடு," என்றேன். "சாட்சிகள் முன்னிலையில்."

"உங்க கணக்கப் போய் நான் படிக்கறதாங்? நல்லா இருக்குதே!" என்று கையெழுத்திட்டான். ஓரத்தில் மஞ்சள் குழம்பில் கட்டைவிரல் ரேகையும் பதிந்தது. சட்டப்படி கூடுதல் வலு.

நான் பொய்த்தாளில் கையெழுத்திடுவதில்லை. இந்தத் தாளில் இரண்டு அடிக்குறிப்புகள் உள்ளன. எழுத்து சிறியது, ஆனால் தெளிவானது. முதலாவது: "மேற்கண்ட லாபம் மேனேஜரின் பங்களிப்பை உள்ளடக்கியது. அவர் நீங்கலாக: நட்டம் ரூ. 1,856. மேனேஜர் என்பது செங்கல்." அத்தனை பேர் முன்னிலையில் உண்மை எழுத்தில் இருந்தது. படிப்பார் இல்லாதது உண்மையின் குற்றம் அன்று.

ஒருவர் படித்தார். வசந்தாமணி தாளை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிவரை வந்தாள். முதல் அடிக்குறிப்பில் அவள் காதுமடல் சிவந்தது. இரண்டாவதில், இருமுவதுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்து, இலையில் ஒரு கோழித்துண்டைக் கூடுதலாக வைத்தாள். தொடைப் பகுதி.

"நீங்க தோத்ததுக்கு" என்றாள்.

டிசம்பர் 1, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு லோகு பெயிண்ட்ஸில் அமர்ந்தேன். ஃபேன் நன்றாகச் சுழல்கிறது. சிட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: "பார்ட்னர், உங்களைக் காணோமே! திரும்பி வந்தால் முப்பது ரூபாய்!"

பத்தரைக்கு, துடியலூருக்கு மூன்று டப்பா பிரைமர். லோகு விரலால் ஒரு தட்டுத் தட்டினான். வந்து நின்றவர் ஜெயசீலி. செயலி அவருக்குக் காட்டிய தொகை முப்பத்து நான்கு. நான் ஒரு வவுச்சர் எழுதினேன்: "வித்தியாசம், ரூ. 119.40." கையொப்பமிட்டுக் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஜெயசீலி பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பணத்தை இருமுறை எண்ணினார்.

லோகு எட்டிப் பார்த்தான். "மச்சான்! என்னங் இது! நூத்திப் பத்தொம்பதா!"

"நேற்று நீ கையெழுத்திட்ட தாளின் இரண்டாவது அடிக்குறிப்பு. 'இக்கடையின் டெலிவரிகளுக்கு, இத்தாளில் கண்டறிந்த முழு அடக்கவிலை வழங்கப்படும்.' ஒரு டிரிப்புக்கு வண்டிச் செலவு 39 ரூபாய் 49 பைசா. ஆகும் நேரம் சராசரி ஐம்பத்தோரு நிமிடம். அந்த நேரத்துக்கான கூலி, நீயே நிர்ணயித்த என் சம்பள விகிதப்படி 113 ரூபாய் 91 பைசா. மொத்தம் 153.40. செயலி தருவதைக் கழித்தேன்."

"மூணு டப்பா பிரைமர்ல எனக்கு லாபமே நூறு ரூவாதானுங்!"

"அப்படியானால் இதுவரை உனக்கு லாபம் இருந்ததில்லை. இவரைப் போன்றவர்கள் தம் கைக்காசைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்திருக்காது."

அவன் என் சட்டைப்பையில் கைவிட்டுத் தாளைத் தேடியெடுத்தான். குழம்புக்கறைக்குக் கீழே, உதடு அசைய, முதன்முறையாகப் படித்தான். "செங்கல்லா?" என்றான்.

வசந்தாமணி வளையலை எந்தக் கடையில் மெருகுக்குக் கொடுத்தாள் என்பதைக் காலையில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை மீட்க, என் சம்பளத்தில் முன்பணத்துக்கு ஒரு வவுச்சர் எழுதிக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்றில் தாள்கள் படபடத்தன. அவள் காலையில் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பிய பொட்டலத்தை எடுத்தேன். பச்சைத் துணி. மயிலின் வால் உண்மையிலேயே போதாதுதான்.

மேனேஜரை வவுச்சர்களின்மேல் வைத்தேன். அசையவில்லை.